டிக் போடுவது யார்?

கல்லூரி கலைநிகழ்ச்சிக்குப் பாட்டு வெட்டி ஒட்டியவர்கள் எல்லோருக்கும் ஆடாசிட்டி தெரிந்திருக்கும். 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000-ல் வெளியான இலவச மென்பொருள். திறமூலம், அதாவது ஓபன் சோர்ஸ். நிரல் முழுவதும் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இருபது வருடங்கள் நல்ல பிள்ளையாகப் பெயரெடுத்த மென்பொருள் அது.

2021-ல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் ஆடாசிட்டியை வாங்கியது. அந்த மே மாதமே ஒரு புதிய நிரல்துண்டு சேர்க்கப்படப் போவதாகத் தெரிய வந்தது. பயனர்கள் எந்த வசதியை எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பது போன்ற பயன்பாட்டுத் தகவல்களைத் திரட்டி அனுப்பும் நிரல். இதற்கு டெலிமெட்ரி என்று பெயர். அவ்வளவுதான், பூகம்பம்! ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டெலிமெட்ரி இயல்பாக அணைக்கப்பட்ட நிலையில்தான் வருவதாக இருந்தது. பயனர் தானாக 'சரி' என்று சொன்னால்தான் தகவல் போகும். கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். அப்படியிருந்தும் ஏன் இத்தனை கோபம்? 'கேட்டுவிட்டு எடுப்பது' மட்டும் போதாதா? அல்லது கோபப்பட்டவர்கள் விஷயம் புரியாமல் கோபப்பட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், திறமூல உலகத்தில் இருபது வருடங்களுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வாதம் கண்ணில் படும். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது.

கடைக்காரருக்குக் கணக்கு வேண்டாமா?

முதலில் மென்பொருள் எழுதுபவர்கள் பக்கம்.

பணத்துக்கு விற்கும் நிறுவனத்துக்கு எத்தனை பிரதி விற்றது என்று தெரியும். ரசீது இருக்கிறது, உரிம எண் இருக்கிறது, வாடிக்கையாளர் சேவைக்கு வந்த அழைப்புகளின் பட்டியல் இருக்கிறது. திறமூல மென்பொருளை எழுதுபவர்களிடம் இதில் எதுவும் இல்லை. எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணும் பெரிதாக உதவாது. ஒருவர் இறக்கி ஐம்பது கணினியில் போடலாம். இன்னொருவர் ஐந்து முறை இறக்கிவிட்டு ஒருமுறைகூட திறக்காமல் இருக்கலாம். லினக்ஸ் வழங்கல்கள் உலகம் முழுக்க உள்ள பிரதி சர்வர்களில் இருந்து பரவுகின்றன. அந்த சர்வர்களில் நடப்பதும் எழுதியவர்களுக்குத் தெரியாது.

சரி, தெரியாவிட்டால் என்ன? சரக்கு எவ்வளவு விற்கிறது என்று தெரியாத கடைக்காரர் எதை அடுத்த மாதம் வாங்கி வைப்பார்? அதே பிரச்சினைதான். ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டுக்கான ஆதரவை நிறுத்தலாமா? ஒரு மெனுவை எடுத்துவிடலாமா? எந்தத் திரை அளவுக்கு முக்கியத்துவம் கொடுப்பது? தமிழ் இடைமுகத்தை எத்தனை பேர் உண்மையில் பயன்படுத்துகிறார்கள்? பதில் இல்லாவிட்டால் முடிவு இரண்டு வழிகளில்தான் எடுக்கப்படும். ஒன்று, எழுதுபவரின் சொந்த ரசனை. இரண்டு, யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவர் சொல்வது. அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பெரும்பான்மைக்கு இரண்டிலும் இடமில்லை.

இதற்கு மிகப் பழைய தீர்வு டெபியன் லினக்ஸில் இருக்கிறது. 'பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்', சுருக்கமாக 'பாப்கான்'. நிறுவும்போது "கலந்துகொள்கிறீர்களா?" என்று கேட்கும். இயல்பான பதில் 'இல்லை'. 'ஆம்' என்றால், எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் கணினியில் உள்ளன, அவற்றில் எவை சமீபத்தில் பயன்படுத்தப்பட்டன என்ற பட்டியலை வாரம் ஒருமுறை அனுப்பும். டெபியன் பல சிடிக்களில் வந்த காலத்தில் முதல் சிடியில் எதைப் போடுவது, கடைசி சிடிக்கு எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்க இந்தக் கணக்குப் பயன்பட்டது. மெதுவான இணைய இணைப்பில் ஒரே ஒரு சிடியை மட்டும் இறக்க முடிந்தவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! திரட்டிய கணக்கு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. கொடுத்தவர்களும் பார்க்கலாம், கொடுக்காதவர்களும் பார்க்கலாம்.

ஆக, தகவல் கேட்பதே பாவம் என்று சொல்வது சரியில்லை.

ஒரே கேள்வி, இரண்டு பெட்டிகள்

இப்போது விஷயத்தின் மையம். ஆப்ட்-இன் என்றால் விரும்பினால் சேரலாம். பெட்டி காலியாக இருக்கும், டிக் போட வேண்டியவர் பயனர். ஆப்ட்-அவுட் என்றால் விரும்பாவிட்டால் விலகலாம். பெட்டியில் ஏற்கெனவே டிக் இருக்கும், அதை எடுக்க வேண்டியவர் பயனர். கேள்வி ஒன்றுதான். பதிலோ தலைகீழாக மாறிவிடுகிறது.

2018 ஏப்ரலில் வெளியான உபுண்டு 18.04-ல், நிறுவி முடித்ததும் கணினியின் வன்பொருள் விவரங்களைக் கனானிக்கல் நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று ஒரு திரை வந்தது. 'ஆம், அனுப்பு' என்பது முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்தது. என்ன அனுப்பப்படும் என்பதை அங்கேயே பார்க்கவும் வழி இருந்தது. சில வாரங்களில் கனானிக்கல் முடிவுகளை வெளியிட்டது. 67 சதவீதம் பேர் அனுப்பியிருந்தார்கள்.

2022 ஆகஸ்டில் குனோம் திட்டம் வேறு வழியில் போனது. ஒரு சிறிய கருவியை எழுதி, விருப்பமுள்ளவர்கள் தாங்களே நிறுவி இயக்கி அனுப்பலாம் என்று அறிவித்தது. அனுப்பப்போவது முழுவதும் முதலில் திரையில் காட்டப்படும். 2023 ஜனவரியில் முடிவு வந்தது. உலகம் முழுக்கப் பயன்படும் அந்த டெஸ்க்டாப்புக்கு வந்த பதில்கள் 2,560.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தீர்களா, கேட்டால் யாரும் கொடுப்பதில்லை, டிக் போட்டு வைத்தால்தான் வரும்" என்று ஒரு கட்சி சொல்கிறது. 2023 ஜூலையில் ஃபெடோரா லினக்ஸில் இதே வாதம் அதிகாரபூர்வமான ஒரு முன்மொழிவாகவே வந்தது. விரும்பினால் சேரலாம் என்று விட்டால் மிகச் சிலரே சேருவார்கள், அவர்கள் மொத்தப் பயனர்களின் பிரதிநிதிகளாக இருக்க மாட்டார்கள், ஆகவே முதல் அமைப்புத் திரையில் அந்தப் பொத்தான் இயல்பாக 'ஆன்' நிலையில் இருக்கட்டும் என்றது முன்மொழிவு. அந்தத் திரையைத் தாண்டும்வரை எதுவும் அனுப்பப்படாது என்ற உறுதியும் இருந்தது. ஆனாலும் கடும் எதிர்ப்பு. முன்மொழிவு திருத்தப்பட்டது. 2024-ல் மறுபடி வந்தபோது தலைப்பிலேயே ஆப்ட்-இன் என்ற சொல் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், அந்த 67 சதவீதம் என்ன சொல்கிறது? 67 சதவீதம் பேர் சம்மதித்தார்கள் என்றா? புது இயங்குதளம் நிறுவி முடித்த அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திப் போனவர்கள் அதில் எத்தனை பேர்? படித்துப் பார்த்து மனதார அனுப்பியவர்கள் எத்தனை பேர்? இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த எண்ணால் முடியாது. மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் படலத்திலேயே காலாவதியாகிக்கொண்டிருக்கிறது. மென்பொருளில் மட்டும் அது எப்படிச் செல்லும்?

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ல் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. அது இணையதளக் குக்கிகள் பற்றிய வழக்கு என்றாலும் தர்க்கம் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவான ஒரு செயல் மூலம் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. சும்மா இருப்பது செயல் ஆகாது.

'பேரே கேட்கலையே!'

"பெயர் வாங்கவில்லை, இமெயில் வாங்கவில்லை, வெறும் கணினி விவரம்தானே, இதில் என்ன அந்தரங்கம்?" இது அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்காக சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்கள் எடுக்கப்பட்டு வெறும் எண்கள் இடப்பட்டிருந்தன. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்தே அந்த எண்ணுக்குரியவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அது தேடல்கள், சரி. வெறும் கணினி விவரம்? 2010-ல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. உலாவியின் பதிப்பு, எழுத்துருக்களின் பட்டியல், திரை அளவு, நேர மண்டலம் போன்ற விவரங்களை 4,70,161 உலாவிகளிடம் இருந்து திரட்டினார்கள். அவற்றில் 83.6 சதவீதம் வேறு எதனுடனும் ஒத்துப்போகாத தனி அடையாளம் கொண்டவை! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்ப விஷயம். சேர்த்து வைத்தால் கைரேகை.

இதோடு, இணையத்தில் எதை அனுப்பினாலும் ஐபி முகவரியும் கூடவே போகும். பெறுபவர் அதைச் சேமிக்கவில்லை என்பதை அனுப்புபவரால் சரிபார்க்க முடியாது. மென்பொருள் திடீரென்று நின்றுபோனால் அனுப்பப்படும் பிழை அறிக்கை இன்னும் ஆபத்தானது. அந்த நேரத்தில் கணினியின் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். பாதி எழுதிய கடிதமாக இருக்கலாம், கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்.

திறமூல மென்பொருளில் நிரலைத் திறந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். உண்மைதான். எது கணினியைவிட்டு வெளியே போகிறது என்று பார்க்கலாம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு எந்த நிரலும் சாட்சி சொல்லாது. ஆடாசிட்டி விஷயத்தில் கோபம் ஏன் என்பதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. அந்தத் தகவல் போய்ச் சேர இருந்த இடம் கூகுளும் யாண்டெக்ஸும். பெட்டியில் டிக் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனங்களின் கையில்தான் அது போய்ச் சேரும் என்றால், காலிப் பெட்டி மட்டும் யாரையும் சமாதானப்படுத்தாது. சம்மதம் என்பது 'கொடுக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல் இல்லை. எதை, யாருக்கு, எதற்காக என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்கிறது.

மாதிரி கோணலானால் கணக்கும் கோணல்

இப்போது மிக வலுவான எதிர்வாதம். விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் வாங்கினால் கணக்கு தப்பாகாதா? புள்ளியியல் பாடத்தில் எல்லோரும் படித்த கதை ஒன்று உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளுக்குத்தான் சீட்டு அதிகம் போயிருந்தது. பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு தனி ரகம். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

குனோமின் 2,560 பதில்களிலும் இதே கோணல் அப்பட்டமாகத் தெரிந்தது. பதில் அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் ஃபெடோரா பயனர்கள். உபுண்டு பயனர்கள் பத்தில் ஒரு பங்குதான். உபுண்டு எவ்வளவு பரவலானது என்று தெரிந்த யாரும் இது உலக நிலவரம் என்று நம்ப மாட்டார்கள். குனோம் திட்டத்தைக் கூர்ந்து கவனிக்கும் ஆர்வலர்கள்தான் பதில் அனுப்பினார்கள். முடிவை வெளியிட்டவர்களே இது பிரதிநிதித்துவ மாதிரி இல்லை என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

ஆகவே கோணல் உண்மை. ஆனால் டிக்கை முன்கூட்டியே போட்டுவிட்டால் கோணல் நிமிர்ந்துவிடுமா? இங்கேதான் அந்தக் கட்சியின் வாதம் தடுக்கி விழுகிறது. டிக்கைத் தேடிப் பிடித்து எடுப்பவர்கள் யார்? விஷயம் தெரிந்தவர்கள், எச்சரிக்கையானவர்கள். அவர்கள் மொத்தமாக வெளியேறுவார்கள். அதுவும் கோணல்தான், திசை மட்டும் வேறு.

இன்னொரு கூட்டமும் உண்டு. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தங்களுடைய சொந்த இயங்குதளத்தை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காக 2019-ல் அறிவித்தன. இப்படிப்பட்ட ஆய்வகக் கணினிகளில் முதல் திரையின் கேள்விக்குப் பதில் சொல்பவர் நிறுவ வந்தவர். ஒரே கணினியில் மாறி மாறி உட்காரும் பிள்ளைகள் அந்தக் கேள்வியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். டிக் போட்டு வைத்தால் இவர்கள் கேட்கப்படாமலேயே கணக்கில் வருவார்கள். இணைய இணைப்பு இல்லாவிட்டால் எந்தப் பெட்டி வைத்தாலும் கணக்கில் வரவே மாட்டார்கள்.

அப்படியானால் டிக் போட்டு வைப்பதால் உண்மையில் கிடைப்பது என்ன? எண்ணிக்கை. வெறும் எண்ணிக்கை. ஆனால் புள்ளியியலுக்கு அது முதல் தேவை இல்லை. ஒரு வசதியை எத்தனை சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை 95 சதவீத நம்பகத்துடன், கூடக் குறைய ஒரு சதவீதத்துக்குள் சொல்ல 9,604 பேர் போதும். பி.காம். படிப்பவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, அந்த 9,604 பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தகுந்தபடி குலுக்கினால் பத்தாயிரம் போதும். குலுக்காவிட்டால் இருபது லட்சமும் போதாது என்பதற்கு லிட்டரரி டைஜஸ்டே சாட்சி.

ஆக, செய்ய வேண்டியது டிக் போட்டு வைப்பது அல்ல. கேட்கிற விதத்தை மாற்றுவது.

கேட்கத் தெரிந்தவர்கள்

ஸ்டீம் விளையாட்டுத் தளம் திறமூலம் இல்லை என்றாலும் கேட்பதில் ஒரு நல்ல பாடம் சொல்கிறது. மாதாமாதம் சில பயனர்களை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்து, வன்பொருள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள விருப்பமா என்று கேட்கிறது. 'வேண்டாம்' என்றால் வேண்டாம். எல்லோரிடமிருந்தும் எப்போதும் வாங்காமல், சிலரிடம் சில சமயம் கேட்பது. மறுப்பவர்களால் கொஞ்சம் கோணல் வரத்தான் செய்யும். ஆனால் தேடி வந்து பதில் அனுப்பும் ஆர்வலர்களை மட்டும் நம்பியிருப்பதைவிட அது பல மடங்கு மேல்.

கேடிஇ திட்டம் 2020 பிப்ரவரியில் பிளாஸ்மா 5.18-ல் பயனர் கருத்துப் பகிர்வைக் கொண்டுவந்தது. இயல்பாக முழுவதும் அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளுக்குள் போனால் ரேடியோவின் ஒலி அளவைக் கூட்டுவது போல ஒரு நகர்த்தி. எந்தப் படிக்கு நகர்த்தினால் எந்தெந்த விவரம் போகும் என்று பட்டியல் காட்டும். கணினிக்கென்று தனி அடையாள எண் சேர்க்கக் கூடாது என்பது அவர்களின் எழுதப்பட்ட கொள்கை. அதனால் ஒரே கணினியின் இரண்டு அறிக்கைகளை இணைத்துப் பார்க்க முடியாது. அது இழப்புதான். தெரிந்தே அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. எத்தனை கணினிகளில் ஃபெடோரா ஓடுகிறது என்று அறிய, ஒவ்வொரு கணினிக்கும் தனி எண் கொடுக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அந்தரங்கம் கெடும் என்று எதிர்ப்பு வந்ததும் அது மாற்றப்பட்டது. 2020-ல் வந்த ஃபெடோரா 32-ல், கணினி எப்படியும் புதுப்பிப்புகளுக்காக சர்வரைத் தொடர்புகொள்ளும் அல்லவா, அந்தக் கோரிக்கைகளில் வாரத்துக்கு ஒன்றில் மட்டும் 'என்னையும் எண்ணிக்கொள்' என்று ஒரு சிறு குறி சேர்க்கப்பட்டது. குறி 1 முதல் 4 வரை, நிறுவி எவ்வளவு காலமாகிறது என்பதை நான்கே வகையாகச் சொல்லும். ஒரு வாரத்தில் எத்தனை குறிகள் வந்தன என்று எண்ணினால் கணக்கு முடிந்தது. இது கேட்காமல் இயல்பாகவே இயங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எப்படியும் போகிற கடிதத்தின் உறையில் ஒரு புள்ளி வைப்பதற்கும், புதிதாக ஒரு கடிதம் எழுதி அனுப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தப் புள்ளியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் முக்கியம்.

கேள்வியைச் சுருக்கினால் வாங்க வேண்டியதும் சுருங்குகிறது. "எல்லாவற்றையும் வாங்கி வைப்போம், பிறகு எதற்காவது உதவும்" என்பதில் இருந்துதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

கணக்கேட்டில் வராத சொத்து

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. வணிகவியல் மாணவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கணக்கியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு, குட்வில். ஒரு வியாபாரம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியாது. அந்த வியாபாரத்தை இன்னொருவர் வாங்கும்போதுதான், சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை நற்பெயர் என்று ஏட்டில் ஏறும். திறமூல மென்பொருளுக்கு இருக்கும் மூலதனமே இந்த நற்பெயர்தான். கட்டிடம் கிடையாது, காப்புரிமை கிடையாது, வாடிக்கையாளரைக் கட்டிவைக்க ஒப்பந்தமும் கிடையாது. பிடிக்காவிட்டால் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கிளை தொடங்கிவிடலாம். ஆடாசிட்டிக்கு அதுதான் நடந்தது. 2021 ஜூலையில் அதன் புதிய தனியுரிமை அறிக்கையைப் பார்த்து மறுபடி கொதித்தவர்கள் டெனாசிட்டி போன்ற கிளைகளைத் தொடங்கினார்கள். அறிக்கை பிறகு திருத்தப்பட்டது. ஆனால் இருபது வருட நற்பெயரில் சேதாரம் சேதாரம்தான்.

உபுண்டு கற்ற பாடம் இன்னும் நீளமானது. 2012 அக்டோபரில் வந்த 12.10 பதிப்பில், கணினியில் உள்ள கோப்பைத் தேட எழுதும் சொற்கள்கூட கனானிக்கலின் சர்வருக்குப் போய், அமேசான் பொருட்களின் பரிந்துரைகளோடு திரும்பி வந்தன. இயல்பாகவே இது இயங்கியது. தங்களை நம்பாவிட்டால் எப்படி, கணினியின் ரூட் அதிகாரமே தங்களிடம்தானே இருக்கிறது என்ற பொருளில் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதில் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெயானது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வெளிப்படையாக உளவு மென்பொருள் என்றார். 2016 ஏப்ரலில் வந்த 16.04-ல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. 2018-ல் வன்பொருள் விவரம் கேட்டபோது, அது எவ்வளவோ நாகரிகமான திட்டமாக இருந்தும், பழைய அமேசான் கதை மறுபடி பேசப்பட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

ஃபெடோராவின் 2023 முன்மொழிவுக்கும் இதே கதிதான். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூனில், ரெட் ஹேட் தன் நிறுவன லினக்ஸின் மூலநிரலைப் பொதுவில் கிடைக்கும் வழியைச் சுருக்கியிருந்தது. முன்மொழிவை எழுதியவர்கள் ரெட் ஹேட் ஊழியர்கள். தொழில்நுட்ப அளவில் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், அந்த மாதத்தில் அந்தப் பெயரில் வந்த எதையும் நம்பும் மனநிலையில் பலர் இல்லை. நற்பெயரில் இருந்து எடுத்துச் செலவு செய்தால், அடுத்த முறை எடுக்கப் போகும்போது இருப்பு குறைவாகத்தான் இருக்கும்.

டிக் போட்டு வைத்து வாங்கும் தகவல் இலவசம் போலத் தோன்றுவது இதனால்தான். செலவு ஏட்டில் ஏறுவதில்லை. ஆனால் செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. டெலிமெட்ரி என்ற சொல்லைக் கேட்டாலே கொடி பிடிப்பவர்கள் ஒரு கூட்டம். நன்றாகக் கேட்டாலும் தவறாகக் கேட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இப்படிப்பட்ட எதிர்ப்பு ஒரு மோசமான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது. எப்படிக் கேட்டாலும் திட்டு வாங்கப்போகிறோம் என்றால், மரியாதையாகக் கேட்க யார் மெனக்கெடுவார்கள்?

கையில் ஒரு பைசா வாங்காமல் எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பயனர் திருப்பிக் கொடுக்க முடிந்தது மிகக் குறைவு. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சிலர். மொழிபெயர்க்க நேரம் இருப்பவர்கள் சிலர். பணம் அனுப்ப முடிந்தவர்கள் அதைவிடச் சிலர். 'இந்த வசதி இங்கே பயன்படுகிறது' என்று சொல்வது எல்லோராலும் முடியும். பழைய கணினி வைத்திருப்பவர், தமிழ் இடைமுகத்தில் வேலை செய்பவர், சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர் எல்லோரும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அடுத்த பதிப்பு புதுக் கணினியும் பெரிய திரையும் ஆங்கில இடைமுகமும் உள்ளவருக்காகத்தான் எழுதப்படும். அதன் பிறகு புலம்பிப் பயன் இல்லை.

ஆகவே, சொல்ல வந்தது இரண்டே விஷயம். மென்பொருள் எழுதுபவர்கள் பெட்டியைக் காலியாகவே வைக்கட்டும். அனுப்பப்போவதை முதலில் காட்டட்டும், தங்கள் சொந்த சர்வரில் வாங்கட்டும், தேவையானதை மட்டும் கேட்கட்டும், கிடைத்த கணக்கை டெபியன் போல எல்லோருக்கும் வெளியிடட்டும். பதில் குறைவாக வந்தால், அது மாதிரியின் குறை என்று குனோம் போல வெளிப்படையாக எழுதி வைக்கட்டும்.

இந்த நிபந்தனைகளை மதித்துக் கேட்பவர்களுக்கு, படித்துப் பார்த்துவிட்டு 'சரி' சொல்வதில் பயனர்களும் கஞ்சத்தனம் காட்ட வேண்டியதில்லை. கேடிஇ பயன்படுத்துபவர்கள் அமைப்புகளைத் திறந்து அந்த நகர்த்தியை ஒருமுறை பார்க்கலாம். டெபியன் பயன்படுத்துபவர்கள் பாப்கானைப் பிறகும் நிறுவிக்கொள்ளலாம். என்ன போகிறது என்று படித்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். படித்துவிட்டுச் சொல்லும் 'இல்லை'யும் மதிக்கப்பட வேண்டிய பதில்தான்.